தலையை ஆட்டினால் புரிந்துவிட்டதா?

மாத்திரைப் புட்டியின் மேல் ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறது. "இரண்டு மாத்திரை, தினம் இரண்டு வேளை." அவ்வளவுதான். இதை வாய்விட்டு வாசிக்க முடிந்தவருக்கு விஷயம் புரிந்துவிட்டது என்றுதானே நினைப்போம்?

2006-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில் 395 பேரை வைத்து இதைச் சோதித்துப் பார்த்தார்கள். வாசிப்புத் திறன் குறைந்தவர்களில் சுமார் 71 சதவீதம் பேர் அந்த வரியைச் சரியாகவே சொன்னார்கள். அப்புறம்தான் ஆய்வாளர்கள் அடுத்த கேள்வியைப் போட்டார்கள்: சரி, ஒரு நாளைக்கு எத்தனை மாத்திரை என்று எண்ணிக் காட்டுங்கள். அவர்களில் சரியாக எண்ணிக் காட்டியவர்கள் சுமார் 35 சதவீதம்தான். வரி வாய்க்கு வந்தது, கைக்கு வரவில்லை.

நலவாழ்வு எழுத்தறிவு என்று இப்போது நிறையப் பேசப்படுவது இந்த இடைவெளியைப் பற்றித்தான். படிக்கத் தெரியுமா தெரியாதா என்பது அதில் ஒரு சிறு பகுதி. கேட்டதைப் புரிந்துகொண்டு, எடைபோட்டு, வீட்டில் தனியாக இருக்கும்போது அதைச் செய்ய முடிகிறதா என்பதுதான் பெரிய பகுதி. பட்டம் வாங்கியவர்களும் இதில் தடுக்கி விழுகிறார்கள். எழுத்துக் கூட்டிப் படிப்பவர்கள் சிலர் அழகாகச் சமாளிக்கிறார்கள்.

வேறு எந்த நோயையும்விடச் சர்க்கரை நோயில் இது ஏன் இவ்வளவு கனமான விஷயம் என்று பார்ப்போம். குடல்வால் அழற்சி வந்தால் அறுவை மருத்துவர் பார்த்துக்கொள்வார், நாம் படுத்திருந்தால் போதும். இதில் அப்படியில்லை. ஆண்டுக்கு 8,760 மணி நேரம். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை, கால் மணி நேரம் மருத்துவரைப் பார்ப்பவர் அதில் ஒரு மணி நேரத்தை அவரோடு கழிக்கிறார். மிச்சம் 8,759 மணி நேரத்துக்கு மருத்துவர் அவரேதான். எவ்வளவு சாப்பிடுவது, எப்போது நடப்பது, காய்ச்சல் வந்த நாளில் ஊசியைப் போடுவதா விடுவதா, கை நடுங்கினால் என்ன செய்வது, எல்லாம் அவர் முடிவு. சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பின் கணக்குப்படி 2024-ல் உலகில் 20 வயது முதல் 79 வயது வரை 58.9 கோடிப் பேருக்கு இந்த நோய் இருந்தது. அத்தனை பேரும் பயிற்சி இல்லாமல் வேலைக்குச் சேர்ந்தவர்கள் என்று சொன்னால் கொஞ்சம் மிகைதான், ஆனால் ரொம்ப மிகை இல்லை.

இது புதிதாகக் கண்டுபிடித்த உண்மையும் அல்ல. டொரன்டோவில் 14 வயதுச் சிறுவன் லெனார்ட் தாம்சனுக்கு முதல் இன்சுலின் ஊசி போடப்பட்டது 1922 ஜனவரியில். அதற்கு நான்கு ஆண்டு முன்பே, 1918-ல், பாஸ்டன் மருத்துவர் எலியட் ஜோஸ்லின் நோயாளிகளும் படிப்பதற்கென்று ஒரு கையேடு எழுதிவிட்டார். இன்சுலின் வந்த பிறகு, வீடு வீடாகப் போய்ச் சொல்லிக்கொடுக்கச் செவிலியர்களையும் பழக்கினார். 1972-ல் லாஸ் ஏஞ்சலிஸில் ஒரு பொது மருத்துவமனை வெளியிட்ட அனுபவம் இன்னும் சுவாரசியமானது. நோயாளிகள் சந்தேகம் கேட்க ஒரு தொலைபேசி எண்ணைக் கொடுத்து, கூடவே சொல்லிக்கொடுக்கவும் செய்தார்கள். மயக்கநிலையில் வந்து சேர்பவர்கள் குறைந்துபோனார்கள். புது மருந்து எதுவும் இல்லை. கேட்டால் பதில் சொல்ல ஓர் ஆள், அவ்வளவுதான்.

அப்புறம் ஏன் இன்னும் இந்த நிலை? ஒரு காரணம், தெரியாததைத் தெரியாது என்று சொல்ல மனிதர்கள் கூசுவது. 1996-ல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வில், தங்களுக்கு வாசிப்பதில் சிரமம் உண்டு என்று ஒப்புக்கொண்டவர்களிடம் இதை யாரிடமாவது சொல்லியிருக்கிறீர்களா என்று கேட்டார்கள். 67 சதவீதம் பேர் வாழ்க்கைத் துணையிடம்கூடச் சொன்னதில்லை. கட்டிய துணையிடமே மறைப்பவர், வெள்ளைக் கோட்டுப் போட்டவரிடமா சொல்லப்போகிறார்? கண்ணாடியை மறந்து வைத்துவிட்டு வந்தேன், வீட்டுக்குப் போய் நிதானமாகப் படிக்கிறேன் என்பார். "புரிந்ததா?" என்றால் தலையை ஆட்டுவார். அந்தத் தலையாட்டலைத்தான் நாம் புரிதல் என்று கணக்கெழுதிக்கொண்டிருக்கிறோம்.

இன்னொரு காரணம், சொற்கள். இந்த நோயில் பெயரிலேயே குழப்பம் தொடங்கிவிடுகிறது. சர்க்கரை நோய் என்று பெயர் வைத்தோமா, இனிப்பை நிறுத்தினால் சரியாகிவிடும் என்று கேட்பவர் முடிவுகட்டிவிடுகிறார். இனிப்பே இல்லாத மாவுச்சத்தும் வயிற்றுக்குள் போய்க் குளுக்கோஸாகத்தான் உடைகிறது என்பதை அந்தப் பெயர் சொல்வதில்லை. நாக்குக்கு இனிக்காத ஒன்று ரத்தத்தில் இனிக்கும் என்பதை நம்ப ஒரு சிறு விளக்கம் வேண்டும், அந்த விளக்கத்துக்கு இரண்டு நிமிடம் வேண்டும். அந்த இரண்டு நிமிடம் பெரும்பாலும் கிடைப்பதில்லை.

அடுத்தது 'நார்மல்' என்ற சொல். பரிசோதனை முடிவைப் பார்த்து மருத்துவர், "நார்மலா இருக்கு" என்கிறார். மருந்து நன்றாக வேலை செய்கிறது, இப்படியே தொடருங்கள் என்பது அவர் நினைப்பு. நோய் போய்விட்டது என்பது இவர் காதில் விழுந்தது. மாத்திரை நிற்கிறது. அடுத்த தடவை எண் எகிறியிருக்கும்போது, சொல்பேச்சுக் கேட்காத நோயாளி என்று பெயர் விழுகிறது. உண்மையில் அவர் சொல்பேச்சைக் கேட்டார், கேட்ட சொல்தான் தவறு.

சர்க்கரைக்குப் பரவலாகத் தரப்படும் மாத்திரையான மெட்பார்மின் சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்ற நம்பிக்கையையும் இங்கே பார்க்கலாம். மெட்பார்மின் சிறுநீரகத்தைக் கெடுப்பதில்லை. சர்க்கரை பல ஆண்டு கட்டுக்கடங்காமல் இருப்பதுதான் கெடுக்கிறது. ஆனால் சிறுநீரகம் தளர்ந்த பிறகு மருத்துவர் மெட்பார்மின் அளவைக் குறைப்பார், மிகவும் தளர்ந்தால் நிறுத்திவிடுவார். வெளியே இருந்து பார்ப்பவருக்கு என்ன தெரிகிறது? மாத்திரை சாப்பிட்டார், கிட்னி போயிற்று, மாத்திரையை நிறுத்தினார்கள். கதை கச்சிதமாகப் பொருந்துகிறதே! இன்சுலினைக் கடைசிக் கட்டம் என்று பயப்படுவதும் இதே மாதிரிதான். ஊசியைத் தாமதமாகத் தொடங்கியதால் வந்த சிக்கல்களின் பழி ஊசியின் மேல் விழுகிறது. இப்படிப்பட்ட நம்பிக்கைகளை மூடநம்பிக்கை என்று தள்ளுவது சோம்பேறித்தனம். கண்ணால் கண்டதை வைத்துக் கட்டிய கதை அது. அதைக் கலைக்க வேண்டுமானால், எது முதலில் வந்தது, எது பின்னால் வந்தது என்று வரிசையைப் பிரித்துக் காட்ட வேண்டும். "அதெல்லாம் சும்மா" என்று சொன்னால் தலையாட்டல்தான் மிஞ்சும்.

இனி எண்கள். இந்த நோயில் எண்கள் ஏராளம், அவை ஒன்றோடொன்று ஒத்தும் போவதில்லை. வீட்டுக் கருவி 154 என்கிறது. ஆய்வக அறிக்கை எச்பிஏ1சி 7 என்கிறது. முதலாவது அந்த நொடியில் ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் இருக்கும் குளுக்கோஸ், மில்லிகிராமில். இரண்டாவது, கடந்த இரண்டு மூன்று மாதங்களில் ரத்தச் சிவப்பணுவின் ஹீமோகுளோபினில் எத்தனை சதவீதத்தில் சர்க்கரை ஒட்டியிருக்கிறது என்பது. 7 சதவீதம் என்றால் சராசரியாக 154-ஐ ஒட்டி இருந்திருக்கிறது என்று பொருள். 8 என்றால் 183, 9 என்றால் 212. இது தெரியாதவருக்கு, 7-லிருந்து 9 ஆவது ஒரு பொருட்டாகவே தோன்றாது. நூற்றுக்கு இரண்டுதானே கூடியிருக்கிறது! நாடு மாறினால் அலகும் மாறும், சில நாடுகளில் கருவி மில்லிமோலில் காட்டும், 18-ஆல் பெருக்கினால் மில்லிகிராம் கணக்கு வரும். வெளியூர்க் கருவியில் 8.5 என்று பார்த்துவிட்டு நடுங்கியவர்கள் உண்டு. அது 153-தான்.

எண்களில் உயிரோடு விளையாடும் ஒன்று இருக்கிறது. கொஞ்சம் நின்று பார்க்க வேண்டிய இடம் இது.

இன்சுலின் புட்டிகள் உலகில் சில இடங்களில் இரண்டு செறிவுகளில் கிடைக்கின்றன. யூ-40 என்றால் ஒரு மில்லிலிட்டரில் 40 யூனிட், யூ-100 என்றால் அதே மில்லிலிட்டரில் 100 யூனிட். இரண்டுக்கும் தனித்தனிச் சிரிஞ்சு, பொதுவாக யூ-40-க்குச் சிவப்பு மூடி, யூ-100-க்கு ஆரஞ்சு மூடி. இப்போது ஒருவருக்கு 20 யூனிட் எழுதிக்கொடுத்திருக்கிறார்கள். அவர் கையில் யூ-40 சிரிஞ்சு. அதில் 20 என்ற கோடு அரை மில்லிலிட்டர். அந்தச் சிரிஞ்சால் யூ-100 புட்டியிலிருந்து 20 கோடு வரை இழுத்தால் உள்ளே வருவது 50 யூனிட், இரண்டரை மடங்கு. அவர் தவறாக எண்ணவில்லை, கோட்டைத் தாண்டவில்லை, கண் பார்வையும் சரி. தலைகீழாக, யூ-100 சிரிஞ்சால் யூ-40 புட்டியிலிருந்து 20 வரை இழுத்தால் உடம்புக்குப் போவது வெறும் 8 யூனிட். வாரக்கணக்கில் சர்க்கரை இறங்காது, மருத்துவர் அளவைக் கூட்டிக்கொண்டே போவார். பிறகு ஒரு நாள் தற்செயலாகச் சரியான சிரிஞ்சு கைக்கு வரும், கூட்டிய அளவு முழுதாக உள்ளே போகும். "புட்டியையும் சிரிஞ்சையும் கையோடு கொண்டுவாருங்கள், நீங்கள் இழுக்கும் விதத்தைப் பார்க்கிறேன்" என்று யாராவது ஒருவர் சொல்லியிருந்தால் ஐந்து நிமிடத்தில் பிடிபட்டிருக்கும்.

சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கும் நேரத்தைப் பற்றிச் சொல்லிக்கொடுப்பதில் ஒரு விசித்திரமான சிக்கல் உண்டு. 70-க்குக் கீழே போனால் எச்சரிக்கை, 54-க்குக் கீழே போனால் ஆபத்து. வியர்வை, நடுக்கம், படபடப்பு, திடீர்ப் பசி. உடனே 15 கிராம் அளவுக்குச் சீக்கிரம் கரையும் சர்க்கரையை எடுத்துக்கொள்ள வேண்டும், அதாவது மூன்று நான்கு குளுக்கோஸ் மாத்திரையோ, ஒரு மேசைக்கரண்டி சர்க்கரையோ. பதினைந்து நிமிடம் பொறுத்து மறுபடி பார்க்க வேண்டும், ஏறவில்லை என்றால் இன்னொரு தடவை. சாக்லேட் இதற்கு உதவாது, அதிலிருக்கும் கொழுப்பு சர்க்கரையைத் தாமதப்படுத்திவிடும். இதெல்லாம் துண்டுச்சீட்டில் அச்சடித்துத் தரப்படுகிறது. ஆனால் மூளைக்கு எரிபொருளே குளுக்கோஸ்தான். அது வற்றிய நேரத்தில் மூளை மந்தமாகிறது, எரிச்சல் வருகிறது, எனக்கு ஒன்றுமில்லை விடு என்று சண்டை பிடிக்கிறது. படித்த பாடம் எப்போது தேவையோ அப்போதுதான் படித்தவர் பாடம் ஒப்பிக்கிற நிலையில் இல்லை! ஆகவே இந்தப் பாடத்தின் மாணவர் அவர் மட்டுமல்ல. கூடவே இருப்பவர்களும்தான், வேலை இடத்தில் பக்கத்து நாற்காலிக்காரர் உட்பட. நினைவிழந்தவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழாய்க்குள் போய்விடும் என்பது அவர்களுக்குத்தான் தெரிய வேண்டும். சர்க்கரையை ஏற்றும் அவசர மருந்தான குளுக்ககான் இருந்தால் கொடுத்துவிட்டு, உடனே அவசர உதவியை அழைக்க வேண்டும்.

சரி, புரிந்ததா இல்லையா என்று எப்படித்தான் கண்டுபிடிப்பது? வழி எளிது, வெட்கப்படும் அளவுக்கு எளிது. சொன்னதைத் திருப்பிச் சொல்லச் சொல்வது. ஆனால் அதைக் கேட்கும் விதத்தில் இருக்கிறது விஷயம். "எங்கே, நான் சொன்னதைச் சொல்லுங்க பார்ப்போம்" என்றால் பள்ளிக்கூடத் தேர்வு ஆகிவிடும். "நான் சரியாகச் சொன்னேனா என்று எனக்கே சந்தேகம். வீட்டுக்குப் போனதும் இந்த ஊசியைப் பற்றி உங்கள் மகளுக்கு எப்படிச் சொல்வீர்கள்?" என்று கேட்டால், தேர்வு எழுதுவது மருத்துவர் என்றாகிறது. நோயாளி தவறாகத் திருப்பிச் சொன்னால் தவறு விளக்கிய மருத்துவருடையது, கேட்ட நோயாளியுடையது அல்ல.

இதை எத்தனை பேர் செய்கிறார்கள்? சான் பிரான்சிஸ்கோவில் டீன் ஷிலிங்கர் குழுவினர் 2003-ல் வெளியிட்ட ஆய்வில், சர்க்கரை நோயாளிகளோடு மருத்துவர்கள் பேசியதை ஒலிப்பதிவு செய்து கேட்டார்கள். மருத்துவர்கள் மொத்தம் 124 புதுச் செய்திகளைச் சொல்லியிருந்தார்கள். அதில் 15-க்குத்தான் புரிந்ததா, நினைவிருக்கிறதா என்று சோதித்திருந்தார்கள். அப்படிச் சோதிக்கப்பட்ட நோயாளிகளின் எச்பிஏ1சி நன்றாக இருக்கும் வாய்ப்பும் கூடுதலாக இருந்தது. ஒன்றுக்கு ஒன்று காரணம் என்று இந்த ஆய்வை வைத்து மட்டும் அடித்துச் சொல்ல முடியாது. இதற்கு நேரமாகும் என்ற சாக்கும் நிற்கவில்லை, சோதித்த சந்திப்புகள் மற்றவற்றைவிட நீளவில்லை.

இன்சுலின் போடச் சொல்லிக்கொடுப்பவர்களிடையே ஒரு பழைய கதை உலவுகிறது. ஆரஞ்சுப் பழத்தில் குத்திப் பழகக் கற்றுக்கொடுத்தார்களாம். சில வாரம் கழித்துச் சர்க்கரை தாறுமாறாக ஏறி வந்தவரைக் கேட்டால், "சொன்ன மாதிரிதான் தினமும் பழத்தில் போட்டுச் சாப்பிடுகிறேன்" என்றாராம். நடந்ததோ கட்டியதோ. சிரித்துவிட்டு யோசித்தால், அவர் பார்த்ததை அப்படியே செய்திருக்கிறார். இன்சுலின் ஒரு புரதம், வயிற்றுக்குள் போனால் செரித்துவிடும், அதனால்தான் ஊசி என்ற ஒரு வரியை யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

கால், கண் விஷயத்தில் சிக்கல் வேறு மாதிரி. வலித்தால் காட்டு, வலிக்காவிட்டால் சும்மா இரு என்பது எல்லோருக்கும் ஊறிப்போன நியாயம். சர்க்கரை நோய் அந்த நியாயத்தைப் புரட்டிப் போடுகிறது. நரம்பு செத்த காலில் ஆணி ஏறினாலும் வலிக்காது, வலிக்காததே ஆபத்து. விழித்திரையில் ரத்தக்குழாய் கசியத் தொடங்கிய பிறகும் பார்வை பளிச்சென்று இருக்கலாம். "கண்ணு நல்லாத்தான் தெரியுது" என்பவரிடம் ஆண்டுதோறும் கண் பரிசோதனை என்று உத்தரவு போட்டுப் பயனில்லை. ஏன் நன்றாகத் தெரியும்போதே பார்க்க வேண்டும் என்பதைச் சொன்னால் வருவார். தினமும் பாதத்தைப் பார், செருப்புக்குள் கைவிட்டுத் துழாவிவிட்டுக் காலை நுழை என்பதற்கும் இதேதான்.

இவ்வளவும் சொல்லிக்கொடுத்தால் பலன் உண்டா? உண்டு, ஆனால் விளம்பரத்தில் சொல்வது மாதிரி அல்ல. 1993-ல் முடிவு வெளியான அமெரிக்க, கனடா ஆய்வு ஒன்று முதல் வகை (உடல் இன்சுலினைச் சுரக்காத வகை) நோயாளிகள் 1,441 பேரை வைத்து, எச்பிஏ1சி-யை 9-லிருந்து 7 அருகே கொண்டுவந்தால் விழித்திரை நோய் தோன்றும் வாய்ப்பு 76 சதவீதம் குறைகிறது என்று காட்டிவிட்டது. ஆகவே எண்ணைக் குறைப்பதில் பொருள் இருக்கிறது. பயிற்சியால் அது எவ்வளவு குறையும்? 2002-ல் பல ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோது, பயிற்சி முடிந்த கையோடு சராசரியாக 0.76 புள்ளி குறைந்திருந்தது. சில மாதம் போனதும் அந்தப் பலன் 0.26-ஆகத் தேய்ந்தது. ஒரு முழுப் புள்ளி குறையச் சுமார் 24 மணி நேரச் சொல்லிக்கொடுத்தல் தேவைப்பட்டது. இந்த 24-ஐ வெளியேறும் வாசலில் நீட்டப்படும் துண்டுச்சீட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

பிரிட்டனில் இரண்டு பயிற்சிகளின் கதை இதை நன்றாகக் காட்டுகிறது. ஒன்று, முதல் வகை நோயாளிகளுக்கான ஐந்து நாள் வகுப்பு, ஜெர்மனியின் டுசெல்டார்ஃபில் உருவான முறை. சாப்பிடுவதற்கு ஏற்ப இன்சுலினைக் கணக்கிடக் கற்றுத்தந்தார்கள். 2002-ல் வந்த முடிவில், ஆறு மாதத்தில் மற்றவர்களைவிட ஒரு புள்ளி குறைவு, சர்க்கரை ஆபத்தாக இறங்குவதும் கூடவில்லை. இன்னொன்று, புதிதாக இரண்டாம் வகை நோய் (இன்சுலின் சுரந்தும் உடலில் சரியாக வேலை செய்யாத வகை) கண்டறியப்பட்ட 824 பேரை வைத்து நடந்த ஆய்வு, அவர்களில் ஒரு பகுதியினருக்கு மட்டும் ஆறு மணி நேர வகுப்பு, 2008-ல் முடிவு. ஓராண்டு கழித்து எச்பிஏ1சி-யில் சொல்லிக்கொள்ளும்படி வேறுபாடு இல்லை. ஆனால் எடை கூடுதலாகக் குறைந்தது, புகைப்பதை விட்டவர்கள் கூடுதல். தோல்வி என்று சொல்வீர்களா? நான் சொல்ல மாட்டேன். ஆறு மணி நேரம் ஒரே தடவை கற்றது ஓராண்டு தாங்கவில்லை என்பதே என் வாசிப்பு.

அதனால்தான் இப்போதைய வழிகாட்டுதல்கள் நான்கு தருணங்களில் சொல்லிக்கொடுக்கச் சொல்கின்றன: நோய் கண்டறியும்போது, ஆண்டுக்கு ஒரு தடவை, புதுச் சிக்கல் எழும்போது, வாழ்க்கையோ சிகிச்சையோ மாறும்போது. முதல் மூன்றை எல்லோரும் ஏதோ ஒரு விதத்தில் நினைவு வைத்துக்கொள்கிறார்கள். நான்காவதுதான் கைநழுவுகிறது.

2017-ல் அமெரிக்காவில் மருந்துப் பிழைகளைக் கண்காணிக்கும் அமைப்பு ஒன்று ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. மருத்துவமனையில் பாதுகாப்பு ஊசியை வைத்து, பேனா வடிவக் கருவியால் இன்சுலின் போடப் பழக்குகிறார்கள். அதில் வெளி மூடியைக் கழற்றினால் போதும், ஊசியை மறைத்திருக்கும் கவசம் தோலில் அழுத்தும்போது தானாக உள்வாங்கும். வீட்டுக்குப் போனதும் கடையில் கிடைப்பது சாதாரண ஊசி. அதற்கு வெளியே ஒரு மூடி, உள்ளே இன்னொரு சின்ன மூடி, இரண்டையும் கழற்ற வேண்டும். வீடு திரும்பிய ஒருவர் உள் மூடியோடே பேனாவை வயிற்றில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தார், பழகின மாதிரியே. இன்சுலின் ஒரு துளிகூட உடம்புக்குள் போகவில்லை. ரத்தம் அமிலமாகி இறந்துபோனார். அவருடைய கோப்பில், ஊசி போடப் பயிற்சி தரப்பட்டது என்ற இடத்தில் குறி போட்டிருக்கும். பயிற்சி தரவும்தான் செய்தார்கள். அவர் வீட்டுக்கு வாங்கிப்போன ஊசியை அவர் கையில் கொடுத்து, "இதில் ஒரு தடவை போட்டுக் காட்டுங்கள்" என்று யாரும் கேட்கவில்லை.